எதிரணியைப் படித்துவிட்டு இறங்குவதா, நம் ஆட்டத்தையே ஆடுவதா? – ஃபுட்பால் மேனேஜர் 24

13 ஜனவரி 2024 – ஒரு வாசகரின் கேள்வி

கால்பந்து அணிக்கு மேனேஜராக இருந்து ஆடும் ‘ஃபுட்பால் மேனேஜர் 24’ கம்ப்யூட்டர் விளையாட்டில், இங்கிலாந்தின் லீக் டூ (நான்காம் நிலை லீக்) அணி ஒன்றை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் அடுத்த எதிரணி பற்றி ரிப்போர்ட் வருகிறது. பக்கம் பக்கமாகப் படிக்கிறேன், டாக்டிக்கை (அணி ஆடும் முறையை) மாற்றுகிறேன், தோற்கிறேன். படிக்காமல் ‘கன்டினியூ’வை அழுத்திக்கொண்டே போனால் ஜெயிக்கிறேன். எதிரணிக்காகத் தயாராவது வெட்டி வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

14 ஜனவரி

மறுக்கிறேன். ஆனால் பாதிதான்.

நீங்கள் தோற்றது ரிப்போர்ட்டைப் படித்ததால் இருக்காது. படித்த கையோடு டாக்டிக்கில் கை வைத்ததால் இருக்கும். என் கதையைச் சொல்கிறேன். நான் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சி. சித்தப்பா மகன் அதே சேவில் (சேமித்து வைத்து ஆடும் அதே ஆட்டத்தில்) ஆன்லைனில் கேரளா பிளாஸ்டர்ஸ். சனிக்கிழமை இரவு மட்டும் ஆடுவோம். இரண்டு பேரும் யோசிக்கிற வேகத்துக்கு, ஒரு ராத்திரியில் இரண்டு மேட்ச் போனால் பெரிது.

மூன்றாவது மேட்ச் கொல்கத்தாவில், மோகன் பகானுடன். இரண்டு பக்க விங்கிலிருந்தும் கிராஸ் அதிகம் வருகிறது என்றது ரிப்போர்ட். நான் உடனே என் 4-2-3-1 ஃபார்மேஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் ஐந்து பேர் நிற்கிற ஒரு ஷேப்பை அரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். கிராஸ் எங்கே விழுந்தாலும் அங்கே ஓர் ஆள் இருப்பான் என்று கணக்கு. ஆள் இருந்தான். ஆனால் பந்து தன்னுடையதா பக்கத்துக்காரனுடையதா என்று தெரியாமல் நின்றான். 0-4. மேட்ச் முடிந்த பிறகுதான் டாக்டிக் பக்கத்தில் ஃபெமிலியாரிட்டி பட்டைகளை (அந்த ஆட்டமுறை அணிக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டுபவை) பார்த்தேன். பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. மூன்று டாக்டிக் வரை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுக்க இந்த விளையாட்டில் வழி இருக்கிறது. நான் கொடுத்தது ஒன்றே ஒன்றுக்கு.

அதனால் ஷேப்பைத் தொடாதீர்கள். எதிரணிக்காக ஓரங்களை மட்டும் தட்டிக் கொடுங்கள், போதும்.

15 ஜனவரி

ஓரங்கள் என்றால் என்ன என்று கேள்வி கேட்டவர் கேட்டிருக்கிறார். பொங்கல் முடியட்டும்.

17 ஜனவரி

சரி. ஓரங்கள்.

எதிரணி ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நான்கு விஷயம் சொல்லலாம். ஒட்டி மார்க் செய்வதா, பந்து வந்ததும் பிரெஸ் செய்வதா (பாய்ந்து நெருக்குவதா), டேக்கிளை முரட்டுத்தனமாகப் போடுவதா மெதுவாகப் போடுவதா, எந்தக் காலுக்குத் தள்ளுவது. இவ்வளவுதான் சமாச்சாரம். எதிரணியின் பதினொரு பேர் யார் என்று தெரிந்த பிறகு, மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கம் கண்ணில் படும். பெரும்பாலானவர்கள் இதை அசிஸ்டென்ட் மேனேஜரிடம் விட்டுவிடுகிறார்கள். அவரும் பாவம், கண்ணில் படுகிறவனுக்கெல்லாம் ‘பிரெஸ் செய்’ என்று டிக் போட்டு வைப்பார்.

ஐஎஸ்எல்லில் ஒரு வசதி உண்டு. வெளிநாட்டு ஆட்டக்காரர் அணிக்கு ஆறு பேர், களத்தில் நாலு பேர்தான். எந்த மேனேஜராக இருந்தாலும் அந்த நாலு இடத்தை எங்கே செலவு செய்வார்? ஸ்ட்ரைக்கர் ஒன்று, நடுவில் ஆட்டத்தை நடத்துகிறவர் ஒன்று, சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) ஒன்று, நாலாவது கைவசம் யார் இருக்கிறாரோ அதைப் பொறுத்தது. அதனால் பல அணிகளில் சென்டர் பேக் இரண்டு பேரில் ஒருவர் வெளிநாடு, பக்கத்தில் நம் ஊர்ப் பையன். அந்தப் பையனின் கம்போஷர் (பதறாமல் ஆடுவது), ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை அடக்குவது) இரண்டு எண்ணையும் பாருங்கள். இரண்டும் குறைவாக இருந்தால் அவனுக்கு மட்டும் எப்போதும் பிரெஸ். வெளிநாட்டுக்காரரைத் தொடவே வேண்டாம், அவரிடம் ஓடிப் போனால் இரண்டு பாஸில் உங்களைக் கடந்துவிடுவார். பந்து பையனிடம் போகும்வரை காத்திருந்து பாய வேண்டும்.

ஜம்ஷெட்பூர், ஈஸ்ட் பெங்கால் இரண்டு அணிகளையும் இப்படித்தான் அடித்தேன். இரண்டிலும் முதல் கோல் அந்தப் பையன் தடுமாறி விட்ட பந்தில் வந்தது.

லீக் டூவில் இந்தக் கணக்கு அப்படியே வராது. ஆனால் பின்னால் நிற்கும் நாலு பேரில் பந்தைக் கண்டால் பயப்படுகிறவன் ஒருவன் எல்லா ஊரிலும் இருப்பான்.

21 ஜனவரி

மேலே ‘எந்தக் காலுக்குத் தள்ளுவது’ என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறேன். நேற்று ராத்திரி மானம் போயிற்று.

மும்பை சிட்டியுடன் மேட்ச். சாங்தே வலது விங்கில் ஆடுகிறார், ஆனால் இடது கால்காரர். அதாவது ஓரமாக ஓடி கிராஸ் போடுவதைவிட, உள்ளே வெட்டி இடது காலால் சுடுவதுதான் அவருக்கு இஷ்டம். இது எனக்குத் தெரியும், இதற்காகத்தான் அந்த வசதியையே பயன்படுத்துகிறேன். ‘இடது கால்’ என்று தேர்ந்தெடுத்தேன். இடது காலைக் கட்டிப் போடு என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

அது அவரை இடது கால் பக்கம் தள்ளு என்று அர்த்தம்.

என் லெஃப்ட் பேக் மிகவும் பணிவாக ஓரத்தை அடைத்துக்கொண்டு, ‘வாங்க சார், உள்ளே வாங்க’ என்று வழி விட்டு நின்றான். சாங்தே இரண்டு கோல். இரண்டும் ஒரே மாதிரி, தூரக் கம்பத்தின் மூலையில். முதல் கோலுக்குப் பையனைத் திட்டினேன். இரண்டாவதுக்கு மாற்றி வேறொருவனை இறக்கினேன். அவனும் அதே பணிவு. தம்பி அந்தப் பக்கம் தன் மேட்சை முடித்துவிட்டு என் மேட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணா, நீங்க தலைகீழா வெச்சிருக்கீங்க”ன்னு 70-வது நிமிடத்தில் சொன்னான். அதற்கு முன்பே பார்த்துவிட்டானாம். மும்பை தோற்றால் புள்ளிப்பட்டியலில் தனக்குச் சாதகமா பாதகமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தானாம்.

இதற்கு முந்தின மேட்சுகளையெல்லாம் திரும்பிப் பார்த்தேன். மோகன் பகானின் கொலாசோவுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவர் இடது விங்கில் ஆடும் வலது கால்காரர், இதே மாதிரி உள்ளே வெட்டுகிறவர். ஆக, அந்த 0-4-க்கு ஐந்து பேர் டிஃபென்ஸ் மட்டும் காரணமில்லை. 14-ஆம் தேதி எழுதியதை அந்த அளவுக்குத் திருத்திப் படிக்கவும்.

குழப்பமாக இருந்தால் ‘பலவீனமான கால்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுப் போங்கள். நான் இனி அப்படித்தான்.

28 ஜனவரி

பிரெஸ் பற்றி ஒரு திருத்தம். ‘பையனை பிரெஸ் செய்’ என்றேன். ஒருவர் கேட்டிருக்கிறார்: அவன் பந்தை கோல்கீப்பரிடம் தட்டிவிட்டு, கீப்பர் ஓங்கி உதைத்து, அது நேராக உயரமான வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் தலைக்குப் போனால்?

போகிறது. நேற்று மூன்று தடவை போனது. நல்ல கேள்வி, நான் யோசிக்கவில்லை. பிரெஸ் செய்தால் பந்து எங்கே போய் விழும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். விழுகிற இடத்தில் தலையால் தட்டிவிடப்படும் இரண்டாவது பந்தைப் பொறுக்க ஆள் வேண்டும். என் நடு மைதானத்தில் ஒருவன்கூட அதற்கு லாயக்கில்லை. ஸ்ட்ரைக்கர் உயரமாக இருந்தால் இப்போதெல்லாம் பிரெஸ்ஸை விட்டுவிடுகிறேன், குட்டையாக இருந்தால் செய்கிறேன். சுனில் சேத்ரி குட்டைதானே என்று பெங்களூருவுக்கு எதிராக வைத்தேன். அந்த மனிதர் உயரத்துக்கும் அவர் எழும்புவதற்கும் சம்பந்தமே கிடையாது. சென்டிமீட்டரைப் பார்க்காதீர்கள், ஜம்ப்பிங் ரீச் எண்ணைப் பாருங்கள்.

4 பிப்ரவரி

இந்த வாரம் முழுக்க ஒடிசாவுக்காகத் தயாரானேன். இவ்வளவு சிரத்தையாக நான் பிளஸ் டூகூடப் படித்ததில்லை.

இந்த 2023-24 சீசனில் ஒடிசாவின் கோச் செர்ஜியோ லொபேரா. நிஜத்தில் அவர் கோவாவில் இருந்தபோதும் முர்தாதா ஃபால், அகமது ஜாஹூ இரண்டு பேரும் அவருடன், மும்பையில் இருந்தபோதும் அவருடன், இந்த சீசனில் ஒடிசாவிலும் அவருடன். ஃபால் செனகல்காரர், சென்டர் பேக், ஆனால் பல ஸ்ட்ரைக்கர்களைவிட அதிகமாக கோல் போட்டிருக்கிறார். பெரும்பாலும் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் தலையால். ஜாஹூ மொராக்கோக்காரர், நடு மைதானத்தில் நின்றுகொண்டே நாற்பது கெஜத்துக்குப் பந்தை வைக்கிற ஆள். நிஜ மேட்சுகள் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ரிப்போர்ட்டிலும் அதுவேதான் இருந்தது: கோல்களில் பெரிய பங்கு செட் பீஸில்.

என் பழக்கம், எதிரணியைப் பற்றித் தோன்றுவதை நோட்டில் எழுதி வைப்பது. தனி நோட்டு கிடையாது, ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள். ஒடிசாவுக்கு எழுதியது இவ்வளவுதான்:

ஜாஹூ – திரும்ப விடாதே. எப்போதும் பிரெஸ்.
ரைட் பேக் குள்ளம். தூரக் கம்பம் கிராஸ் அந்தப் பக்கம்.
கடைசி 15 நிமிஷம் கோல் வாங்குறாங்க. ஃபிரெஷ் விங்கர் 70-ல்.
பால் – 2 ஆள். விடவே கூடாது.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

மேட்சுக்கு முந்தின நாள் பயிற்சியில் கார்னரைத் தடுக்கிற செஷன் ஒன்று வைத்தேன். அடுத்த மேட்சுக்கு மட்டும் கொஞ்சம் பலன் கொடுக்கும். உயரமான இரண்டு பேரை ஃபால் ஓடி வருகிற வழியில் நிறுத்தினேன். ஆறு கார்னர் வந்தது, ஃபால் ஒன்றைக்கூடத் தொடவில்லை. 2-0. இரண்டாவது கோல் 81-வது நிமிடம், 70-ல் இறக்கிய விங்கர், அந்தக் குள்ள ரைட் பேக் பக்கம், தூரக் கம்பம். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ராத்திரி பன்னிரண்டரை மணி.

கேள்வி கேட்டவரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

5 பிப்ரவரி

காலையில் வீட்டம்மா நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். “ஏங்க, பாலுக்கு எதுக்கு ரெண்டு ஆள்? விடவே கூடாதுன்னு வேற அடிக்கோடு போட்டிருக்கு. பால்காரர் ஏதாவது சொன்னாரா?”

ஆய்த எழுத்தை விட்டால் இப்படித்தான்.

11 பிப்ரவரி

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன்.

நான் முதலில் ஆடியது சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02. கல்லூரிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில், ஒரு மணி நேரம் காசு கொடுத்து. அதில் மைதானமே தெரியாது. நடு ஸ்க்ரீனில் ஒரு வரி ஓடும், அந்த வரி பளிச் பளிச்சென்று மின்னினால் கோல். யார் எங்கே நின்றான், எப்படி விழுந்தது, எதுவும் தெரியாது. எதிரணியைப் படிப்பது என்றால் அவர்கள் ஃபார்மேஷனைப் பார்ப்பது, அவ்வளவுதான். 2003-ல் சாம்பியன்ஷிப் மேனேஜர் 4-ல் மேலிருந்து பார்க்கிற மாதிரி வட்டப் புள்ளிகள் வந்தன. அன்றைக்குத்தான் என் லெஃப்ட் பேக் ஆட்டம் முழுக்க எங்கோ ஊர் சுற்றுகிறான் என்பதே எனக்குத் தெரிந்தது. அப்புறம் 2009 பதிப்பில் முப்பரிமாணம், 2021 பதிப்பில் எக்ஸ்ஜி (ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கு), 2022-ல் டேட்டா ஹப் (புள்ளிவிவரப் பக்கம்). கோலியர் சகோதரர்கள் இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து எழுதி 1992-ல் வெளிவந்த விளையாட்டு, இப்போது நிஜ கிளப் அனலிஸ்ட்டின் மேசை மாதிரி இருக்கிறது. எவர்டன் கிளப் 2008-ல் ஆள் தேடுவதற்கு இந்த விளையாட்டின் தகவல் தொகுப்பையே பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மின்னுகிற வரி காலத்தில் நான் இப்போதைவிட அதிகமாக ஜெயித்தேன். தெரியாததைப் பற்றிக் கவலைப்பட வழியில்லை. கேள்வி கேட்டவரின் கட்சிக்கு இது ஓர் ஓட்டு, எடுத்துக்கொள்ளட்டும்.

18 பிப்ரவரி

இன்னோர் ஓட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

டேபிளில் மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டேன். நேற்று கடைசி இடத்திலிருக்கும் அணியுடன் சொந்த மைதானத்தில் மேட்ச். ரிப்போர்ட்டில் அவர்கள் 4-3-3, டிஃபென்ஸ் லைன் மேலே ஏறி நிற்கும், பின்னால் இடம் கிடைக்கும் என்று இருந்தது. அதற்காக வேகமான ஸ்ட்ரைக்கரை வைத்தேன். வந்தவர்கள் பத்துப் பேரையும் பெனால்ட்டி பாக்ஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் இடமே இல்லை, என் வேகமான ஸ்ட்ரைக்கர் கூட்ட நெரிசலில் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நின்றான். 23 ஷாட். 0-1.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. மற்ற அணிகளுடன் அவர்கள் அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள். நான் பத்தாவது இடத்தில் இருந்தபோது வந்திருந்தால் என்னுடனும் அப்படியே ஆடியிருப்பார்கள். இப்போது எனக்குப் பேர் வந்துவிட்டது, என்னைப் பார்த்துப் பயந்து ஆட்டத்தை மாற்றுகிறார்கள். அவர்களும் தயாராகித்தான் வருகிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் உறைத்தது.

இதற்குப் பிறகு ரிப்போர்ட்டில் அவர்கள் எல்லோருடனும் ஆடியதைப் பார்ப்பதில்லை. என் இடத்தில் இருக்கிற அணிகளுடன் எப்படி ஆடினார்கள் என்று அந்த இரண்டு மூன்று மேட்சை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். நேரமும் மிச்சம்.

25 பிப்ரவரி

1-3. கேரளா பிளாஸ்டர்ஸுடன். அதாவது தம்பியுடன்.

கம்ப்யூட்டர் எதிரணியைவிட மனுஷ எதிரணி சுலபம் என்று நினைத்திருந்தேன். அவனை டிரவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும், கேரம்போர்டில் எந்தக் காயைக் குறி வைக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். கேரளாவின் நடு மைதான ஆட்டக்காரர் லூனாவைச் சுற்றித்தான் ஆட்டத்தை அமைப்பான் என்று தெரியும், அமைத்தான். நான் ஓர் ஆளை லூனாவுடன் ஒட்டி நிற்க விட்டேன். லூனா பாட்டுக்கு இடது ஓரமாக நடந்து போனார், என் ஆளும் கூடவே நடந்து போனான். அவன் விட்டுப் போன இடத்தில் வேறொருவன் வந்து நின்றுகொண்டு நிதானமாக ஆட்டத்தை நடத்தினான். முதல் பாதியிலேயே 0-2.

அதைவிட, என் வழக்கமான பிரெஸ்ஸுக்காக அவன் அந்த இடத்தில் நம் ஊர்ப் பையனை வைக்கவே இல்லை. சென்டர் பேக் இரண்டு பேரும் வெளிநாடு! ஸ்ட்ரைக்கருக்கு இந்தியப் பையன். யார் அப்படி ஆடுவார்கள்?

3 மார்ச்

யார் அப்படி ஆடுவார்கள் என்று தெரிந்துவிட்டது. இன்று காலை போனில்:

“அண்ணா, நீங்க ஜனவரி பதினேழு எழுதினது சூப்பர். அதைப் படிச்சிட்டுத்தான் ரெண்டு ஃபாரின் சென்டர் பேக் வெச்சேன்.”

முதல் நாளிலிருந்து படிக்கிறானாம். பால் நோட்டுக் கதையை சித்தியிடம் வேறு சொல்லியிருக்கிறான்.

9 மார்ச்

புதிதாக ஒன்று பிடித்திருக்கிறேன், எல்லோரும் முயன்று பாருங்கள். எதிரணி கோல்கீப்பரையே எப்போதும் பிரெஸ் செய்யுங்கள். சென்டர் பேக்கை விட்டுவிடுங்கள், நேராக கீப்பர். பந்து அவர் காலுக்கு வந்தாலே ஸ்ட்ரைக்கர் பாய வேண்டும். அவர் பதறி உள்ளேயே தப்பான பாஸ் கொடுப்பார். இனி எல்லா மேட்சிலும் இதுதான் என் வழி.

17 மார்ச்

9-ஆம் தேதி குறிப்பு பொய். தம்பிக்காக எழுதியது.

கணக்கு இது. நான் கீப்பர் மேல் பாய்வேன் என்று அவன் நம்பினால், கீப்பரை நீளமாக உதைக்கச் சொல்வான். நீளமாக உதைத்தால் என் சென்டர் பேக் இருவரும் நெட்டை, எல்லாப் பந்தையும் தலையால் வாங்கிவிடுவார்கள். நான் பாயாமலேயே அவன் பந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பான். இதற்காக இரண்டு சென்டர் பேக்குக்கும் மேட்சுக்கு முன்னால் ஓய்வு வேறு கொடுத்தேன்.

நேற்று 1-1. கீப்பர் ஒரு பந்தைக்கூட நீளமாக உதைக்கவில்லை. “நீங்க ‘எல்லோரும் முயன்று பாருங்கள்’னு எழுதினதுமே தெரிஞ்சு போச்சுங்கண்ணா. நீங்க அப்படியெல்லாம் யாருக்கும் தாராளமா சொல்ல மாட்டீங்க.”

ஆனால் இந்த இழையைத் தொடங்கிய லீக் டூ வாசகர் அதை நம்பிவிட்டார். நம்பி மூன்று மேட்ச் ஆடியிருக்கிறார். மூன்றிலும் ஜெயித்திருக்கிறார். ‘எதிரணியைப் பற்றி இவ்வளவு உருப்படியான யோசனை இதுவரை கிடைத்ததில்லை, என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன்’ என்று நன்றி வேறு சொல்லியிருக்கிறார்.

மன்னிக்கவும் என்பதா, வாழ்த்துகள் என்பதா தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் லீக் டூவில் கீப்பர்களுக்குக் காலால் பாஸ் கொடுக்கிற திறமை பெரிதாக இருக்காது, அதனால் வேலை செய்திருக்கலாம். அல்லது அவர் அணி ஏற்கெனவே நன்றாக இருந்திருக்கலாம். நான் தெரியாத்தனமாக உண்மையைச் சொல்லிவிட்டேனோ என்னவோ.

24 மார்ச்

அந்த மூன்று வெற்றி என்னைத் தூங்க விடவில்லை. அதனால் ஒரு சோதனை செய்தேன். சேவை நகல் எடுத்து, தம்பி இல்லாமல் தனியாக, ஒரே மேட்சை இருபது தடவை ஆடினேன். அதே பதினொரு பேர், அதே எதிரணி. பத்துத் தடவை எதிரணி ஆட்டக்காரர்களுக்கு என் வழக்கப்படி எல்லாம் குறித்து வைத்து, பத்துத் தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

குறித்தபோது ஐந்து வெற்றி, குறிக்காதபோது நான்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனதற்கு ஒரு வெற்றி வித்தியாசம். இருபது மேட்சை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்று கவனித்தேன். வாங்கிய கோல்கள் வேறு மாதிரி இருந்தன. குறித்தபோது நடுவிலிருந்து கோல் வாங்கினேன், குறிக்காதபோது விங்கர்களிடம் வாங்கினேன். ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றில் வருகிறார்கள். எந்தக் கதவில் வந்தால் என் ஆட்கள் சமாளிப்பார்கள் என்று பார்த்து அதைத் திறந்து வைப்பதுதான் இந்த வேலையோ என்று தோன்றுகிறது. பிப்ரவரி 4 அன்று நான் துள்ளியதில் பாதி அதிர்ஷ்டம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆறு கார்னரை ஃபால் தொடவில்லை என்றேன். அதில் இரண்டு கார்னர் அவர் தலைக்கு மேலே தானாகவே போயின. ரீப்ளேயில் பார்த்தேன், அன்றைக்கு எழுதவில்லை.

31 மார்ச்

முதல் சீசன் முடிந்தது. நான் நான்காவது, தம்பி ஆறாவது. பிளே ஆஃபில் இருவரும் முதல் சுற்றிலேயே வெளியே. டிரான்ஸ்ஃபர் ஜன்னல் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற காலம்) திறந்திருக்கிறது.

7 ஏப்ரல்

தம்பி ஃபாலை வாங்கிவிட்டான்.

ஒடிசாவிடமிருந்து. ஆறு வெளிநாட்டு இடமும் நிரம்பியிருந்ததால் நல்ல விங்கர் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு வாங்கியிருக்கிறான். கேரளாவுக்கு சென்டர் பேக் தேவையே இல்லை. “உங்களுக்குப் பயம்னு நீங்கதானே எழுதினீங்க, ரெண்டு கோடு போட்டு.”

எதிரணிக்குத் தயாராவதில் இதற்கு மேல் ஒரு படி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் எனக்கு எதனால் தூக்கம் கெடும் என்று பார்த்திருக்கிறான்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூ பச்சடி சாப்பிட்டுவிட்டு கார்னர் தடுக்கிற செஷன் மூன்று வைத்தேன்.

21 ஏப்ரல்

நேற்று ஆடவில்லை. நிஜ சென்னையின் பிளே ஆஃபில் கோவாவுடன், கோவாவிலேயே. 1-2 என்று தோற்றார்கள். இரண்டு கோலும் முதல் பாதியில் வாங்கியது, நம் கோலும் முதல் பாதியிலேயே வந்துவிட்டது. இரண்டாவது பாதி முழுக்க ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 60-வது நிமிடத்தில் யாரை இறக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிவியில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கிற பட்டனும் இல்லை, டாக்டிக் பக்கமும் இல்லை.

அதற்கு முந்தின நாள் ராத்திரி நிஜ ஒடிசா நிஜ கேரளாவை எக்ஸ்ட்ரா டைமில் 2-1 என்று அனுப்பி வைத்தது. தம்பிக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தேன். எங்கள் சேவில் ஃபால் இந்நேரம் மஞ்சள் சட்டையில் இருக்கிறார் என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

28 ஏப்ரல்

கேட்டவர்களுக்காக: நேற்று கேரளாவுடன் 2-2.

லூனாவை ஒட்டி நிற்க ஆள் வைக்கவில்லை, நடந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன். நடுவில் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. பிப்ரவரியில் வாங்கிய அடிக்கு அது மருந்து, வேலை செய்தது. 88-வது நிமிடம் வரை 2-1 என்று முன்னால் இருந்தேன். அப்புறம் ஒரு கார்னர். என் நெட்டைகள் இருவரும் ஃபால் வழியில் நின்றார்கள். மூன்று வாரம் பயிற்சி எடுத்த மாதிரியே நின்றார்கள். ஃபால் இருவருக்கும் நடுவில் எழும்பினார்.

பால் நோட்டில் திருத்திவிட்டேன். ஃபால் – 3 ஆள். இந்தத் தடவை ஆய்த எழுத்தோடு.